ஜார்ஜ்டவுனின் சாய்பலகைச் சன்னல்கள்

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனுக்குப் பட்டர்வொர்த் கரையிலிருந்து படகில் வந்து இறங்கும் பயணிக்கு அந்நகரின் கோவில்களும் மசூதிகளும் சீனக் குலச்சங்க மண்டபங்களும் வழிகாட்டி நூல்கள் வாயிலாக முன்பே அறிமுகமானவை. ஆனால் அவற்றுக்கு இடைப்பட்ட தெருக்களை அடைத்துக்கொண்டு, ஒன்றன் சுவரை மற்றொன்று பங்கிட்டு நிற்கும் ஆயிரக்கணக்கான கடைவீடுகளின் மேல்மாடிச் சன்னல்களைப் பற்றி அந்நூல்கள் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் செலவிடுவதில்லை. கீழ்த்தளம் கைமாறும்போதெல்லாம் கதவும் தரையும் முகப்பும் மாற்றப்பட்டுவிட, மேல்மாடிச் சன்னல் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்த காரணத்தாலேயே பல வீடுகளில் கட்டிய காலத்து உருவோடு தங்கியிருக்கிறது. அச்சன்னல்களைக் காலவரிசையில் பார்த்துச் செல்பவருக்கு, ஐரோப்பியச் சன்னல் வரலாற்றின் முதல் பாடமான கண்ணாடியும் வெளிச்சமும் இங்கே நெடுங்காலம் பின்வரிசையிலேயே இருந்தன என்பதும், காற்றை உள்ளே விட்டு வெயில், மழை, பிறர் பார்வை ஆகிய மூன்றையும் வெளியே நிறுத்துவதே தச்சருக்கு இடப்பட்ட பணி என்பதும் விரைவில் விளங்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் தீவைக் கைக்கொண்டபின் வகுக்கப்பட்ட முதல் நகரம் லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகிய நான்குக்குள் அடங்கிய ஒரு சிறு கட்டம். பிட் தெரு இன்று காப்பித்தான் கெலிங் மசூதித் தெரு எனப் பெயர் மாறியிருக்கிறது. தொடக்கத்தில் மரத்தாலும் நீப்பா ஓலையாலும் எழுந்த குடியிருப்புகள் மீண்டும் மீண்டும் தீக்கு இரையானதால், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் நகரின் வழக்கமாயின. 2008 ஜூலையில் மலாக்காவுடன் இணைத்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, காக்கப்பட வேண்டியவை எனக் கருதப்பட்டவற்றில் பெரும்பங்கு தனித்த மாளிகைகளுக்குரியதன்று, இந்தக் கடைவீட்டு வரிசைகளுக்குரியது.

கடைவீடு என்பது கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த ஒடுங்கிய நீண்ட கட்டடம். தெருவை நோக்கிய முகப்பு பெரும்பாலும் 4 முதல் 6 மீட்டர் அகலமே இருக்க, உட்புறம் 30 மீட்டருக்கும் மேலாக நீண்டு செல்வதுண்டு. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு பொதுவானவை என்பதால் அவற்றில் சன்னல் வைக்க இயலாது. காற்றும் வெளிச்சமும் முகப்பு வழியாகவோ புழக்கடை வழியாகவோதான் வர வேண்டும். நடுப்பகுதி இருண்டு புழுங்காமல் இருக்கக் கூரையை வெட்டித் திறந்த முற்றம் ஒன்று விடப்பட்டது. தமிழகத்து வீடுகளின் முற்றத்துக்கு உறவான இதைச் சீனர் ஆகாயக் கிணறு என்பர். வெப்பமடைந்த காற்று முற்றத்தின் வழியே மேலேற, அந்த இடத்தை நிரப்ப முகப்புச் சன்னல் வழியாகத் தெருக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே முகப்புச் சன்னலையும் முற்றத்தையும் ஒரே இயந்திரத்தின் இரண்டு முனைகளாகக் கொள்வதே பொருந்தும்; ஒன்றை அடைத்தால் மற்றது பயனற்றுப் போகும். ஆர்மீனியன் தெருவில் 120ஆம் எண்ணுள்ள வீட்டில் இதை நேரில் உணரலாம். 1910இல் சுன் யாட்-சென்னின் புரட்சி இயக்கத்துக்குத் தளமாக விளங்கிய அந்த வீடு இன்று பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. நண்பகல் வெயிலில் தெருவிலிருந்து அதனுள் நுழைபவர், விசிறி எதுவும் சுழலாமலேயே முற்றத்தை நோக்கி நகரும் காற்றைக் கழுத்தில் உணர்வார்.

மேல்மாடிச் சன்னலின் உயிர்ப்பகுதி அதன் சாய்பலகை. ஆங்கிலத்தில் லூவர் எனப்படும் இது, விரல் கன மெல்லிய மரப்பட்டைகளை வெளிப்புறம் தாழ்ந்தும் உட்புறம் உயர்ந்தும் இருக்குமாறு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கிய அமைப்பு. இதைச் செய்யும் முறையில் அவசரத்துக்கு இடமில்லை. நன்கு உலர்ந்த மரத்தில் இரண்டு செங்குத்துச் சட்டங்களையும் அவற்றை மேலும் கீழும் இடையிலும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் அறுத்து இழைத்த பின், குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்காகச் சீவி, செங்குத்துச் சட்டத்தில் உளியால் தோண்டிய துளைக்குள் அதைச் செருகி, ஆணிக்கு மாறாக மரமுளை அடித்து இறுக்குவர்; கடற்காற்றில் இரும்பாணி துருப்பிடித்து மரத்தைப் பிளக்கும், மரமுளையோ சட்டத்தோடு சேர்ந்தே விரிந்து சுருங்கும். பலகைகள் அசையாமல் நிற்க வேண்டுமானால் செங்குத்துச் சட்டங்களின் உட்பக்கத்தில் சாய்வான பள்ளங்களை வரிசையாக வெட்டி, அவற்றுள் பட்டைகளைச் செருகிய பிறகே சட்டத்தை மூட வேண்டும். ஒரு பள்ளத்தின் சாய்வு பிசகினாலும் வரிசை முழுவதும் கோணலாகத் தெரியுமாதலால், ஓர் அச்சுப்பலகையை வைத்துக் குறியிட்டு வெட்டுவதே முறை.

அசையும் சாய்பலகை இதைவிடக் கடினமானது. ஒவ்வொரு பட்டையின் இரு முனைகளிலும் ஒரு சிறு முளை விடப்பட்டு, அது சட்டத்தில் இட்ட துளையில் சுழல்கிறது. எல்லாப் பட்டைகளின் விளிம்பும் ஒரு மெல்லிய நெடுங்கோலோடு கம்பி வளையங்களால் கோக்கப்பட்டிருக்கும். கோலை மேலே தள்ளினால் பட்டைகள் ஒன்றையொன்று தழுவி மூடிக்கொள்ளும். கீழே இழுத்தால் அனைத்தும் கிடைமட்டமாகித் திறக்கும். காலையில் முழுதாகத் திறந்தும், வெயில் ஏறும்போது பாதி சாய்த்தும், மழை அடிக்கும்போது இறுக மூடியும் வீட்டார் நாள் முழுவதும் இதை இயக்கி வந்தனர். மலாக்கா நீரிணைக் கரையில் இரவின் பின்பகுதியிலோ விடியலிலோ திடீரென வீசி ஓய்ந்துவிடும் சூறைமழை ஒன்று உண்டு. எதிர்க்கரைத் தீவிலிருந்து வருவதால் மாலுமிகள் அதற்குச் சுமாத்ரா என்றே பெயரிட்டனர். உறங்குபவர் எழுந்து கதவை அடைக்காமலேயே அந்த மழையைத் தாங்குவது சாய்பலகையின் பெரும் சிறப்பு, ஏனெனில் வெளிப்புறம் தாழ்ந்த பட்டைமேல் விழும் நீர் வெளியேயே வழிந்துவிடுகிறது.

பார்வையின் கணக்கும் இச்சாய்வில் அடங்கியிருக்கிறது. உள்ளே நிற்பவரின் கண் பட்டைகளுக்கு இடையில் கீழ்நோக்கிச் செல்வதால் தெருவில் போவோர் வருவோரை அவர் தெளிவாகக் காணலாம். தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கோ அதே இடைவெளி வழியே இருண்ட உட்கூரை மட்டுமே தென்படும். வீட்டுப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் தெருவைக் கவனித்துக்கொள்ளும் வாய்ப்பை இது தந்தது. சீனத் தந்தைவழியும் உள்ளூர்ப் பழக்கவழக்கங்களும் கலந்த பெரானாக்கான் குடும்பங்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, வாசலுக்கு நேர் மேலான மாடித் தரையில் ஒரு சிறு துளையை விட்டு அதற்கு மூடியும் போட்டுவைத்தன. கதவைத் தட்டுபவர் யார் என்று அத்துளை வழியே பார்த்துத் தெரிந்த பிறகே கீழே குரல் போகும். கட்டடக் கலை நூல்கள் இதைச் சன்னல் கணக்கில் சேர்ப்பதில்லை. செய்யும் வேலையைக் கொண்டு பார்த்தால் சேர்க்காமல் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

சாய்பலகை பினாங்கில் பிறந்ததன்று. தென் ஐரோப்பாவின் வெப்ப நாடுகளில் பழகிய இவ்வமைப்பு ஐரோப்பியக் குடியேற்றங்களோடு ஆசியத் துறைமுகங்களுக்கு வந்தது. பினாங்கு அதன் தொடக்கப் பத்தாண்டுகளில் வங்காளத்திலிருந்து ஆளப்பட்டதாலும், சோழமண்டலக் கரையோடு இடையறாத கப்பல் போக்குவரத்து வைத்திருந்ததாலும், கல்கத்தாவிலும் சென்னையிலும் கம்பெனி அதிகாரிகளின் தோட்ட வீடுகளில் வெயிலுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட வடிவத்திலேயே இங்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஜார்ஜ்டவுனின் மேல்மாடிச் சன்னல்களில் கணிசமானவை இடுப்புயரத்தில் தொடங்காமல் தரைமட்டத்திலிருந்தே எழுவதற்கு அந்த வழிமரபு மட்டும் போதிய விளக்கமாகாது. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய மலாய் மரவீட்டில் மக்கள் தரையில் பாய் விரித்து அமர்வதால், அமர்ந்திருப்பவரின் முகத்துக்குக் காற்று வர வேண்டி, சன்னல்கள் தரையைத் தொடும்படி வைக்கப்பட்டு, விழாமல் தடுக்கச் சிறு கிராதி பொருத்தப்பட்டன. ஐரோப்பியரின் நெடிய இரட்டைக் கதவுச் சன்னலும் மலாயரின் தாழ்ந்த சன்னலும் ஒரே முடிவை இருவேறு வழிகளில் அடைந்திருந்ததால், அவை கடைவீட்டு முகப்பில் எளிதாகக் கலந்துகொண்டன. எது எவரிடமிருந்து என்று துல்லியமாகப் பிரித்துவிட முயலும் ஆய்வாளர்களின் முனைப்பு சற்று மிகையானதே.

வடிவம் பல நாட்டுடையதாயினும் உளி பெரும்பாலும் சீனத் தச்சர் கையில் இருந்தது. லவ் லேன் என்னும் குறுகிய தெருவில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய லூ பான் ஹோங் என்னும் தச்சர் சங்கத்தின் கோவில் இன்றும் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் லூ நாட்டில் வாழ்ந்த தச்சராகக் கருதப்படும் லூ பான், சீனத் தச்சர்களுக்குத் தொழில்தெய்வம். தமிழகத்துக் கம்மாளர் விசுவகர்மாவை முன்னிறுத்துவதற்கு இது ஒப்பானது. தீபகற்பக் காடுகளிலிருந்து வந்த செங்ஙால் என்னும் மிகக் கடினமான மரம் நிலைகளுக்கு உகந்ததாக இருந்தது. கரையானுக்கும் ஈரத்துக்கும் அது எளிதில் இடம் கொடுப்பதில்லை. பர்மாத் தேக்கு வசதி உள்ளோர் வீடுகளுக்கு வந்தது.

சன்னல் பதிந்திருக்கும் சுவரிலோ இந்தியக் கைகளின் தடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பினாங்குக்கு நாடுகடத்தப்பட்ட இந்தியக் கைதிகள் சாலைகளையும் அரசுக் கட்டடங்களையும் அமைத்தனர். 1818இல் முடிவுற்ற புனித ஜார்ஜ் தேவாலயம் அவர்களின் உழைப்பால் எழுந்ததே. பின்னாளில் சிங்கப்பூரின் புனித ஆந்திரேயர் பேராலயத்துக்கு இந்தியக் கைதிகள் பூசிய மதராஸ் சுண்ணத்தின் செய்முறையை, அவர்களைக் கண்காணித்த அதிகாரியான மெக்நேர் 1899இல் வெளிவந்த நூலில் விளக்கியிருக்கிறார்: கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் கருப்பட்டி போன்ற கருஞ்சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் கலந்து பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது அம்முறை. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சை அறிந்த தமிழர்க்கு இது புதியதன்று. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளிவிடும் இயல்புடையதால், சன்னல் நிலையைச் சுற்றிய மரம் அழுகாமல் நீடித்தது. பிற்காலத்தில் அதன்மேல் சிமெண்ட் பூசியவர்கள் ஈரத்தைச் சுவருக்குள் சிறைவைத்து, நிலைச்சட்டங்களை உள்ளிருந்தே இற்றுப்போகச் செய்தனர்.

ஆர்மீனியன் தெருவையும் அதை ஒட்டிய சந்துகளையும் கடந்து செல்கையில் சன்னலின் தலைமுறைகள் அடுத்தடுத்துக் கண்ணில் படும். மிகப் பழையவை தாழ்வான கூரையும் அலங்காரமற்ற முகப்பும் கொண்ட வீடுகள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குரிய இவ்வகையில் மேல்மாடி முகப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மரக் கதவுகள் இடைவெளியின்றி ஒரே பட்டையாக ஓடும். சுவரில் துளையிட்டு வைத்த சன்னல் என்று இதைச் சொல்ல முடியாது. மேல்மாடியின் முகப்புச் சுவரே சன்னலாகியிருக்கிறது. அனைத்தையும் திறந்துவிட்டால் மாடியறை திண்ணையாகிவிடும்.

அடுத்த தலைமுறை தென்சீனக் கடலோர மாநிலங்களின் பாணியைத் தழுவியது. இங்குச் சுவர் மீண்டும் வந்து, சன்னல் அதனுள் ஒடுங்கிக்கொண்டது. கீழ்த்தளத்தில் நடுவே இரட்டைக் கதவும் அதன் இரு மருங்கிலும் செங்குத்துக் கம்பிகள் பதித்த சன்னல்களும் அமைய, அவற்றின் மேலே வௌவால், பட்டாம்பூச்சி, காசு ஆகிய வடிவங்களில் காற்றுத்துளைகள் விடப்பட்டன. சீனர்க்கு வௌவால் நற்பேற்றின் குறி என்பதால் அதன் உருவம் வாசலருகே இடம்பெற்றது. இரவில் கதவும் சன்னலும் அடைபட்ட பின்னும் அந்தத் துளை வழியே முற்றத்துக்குக் காற்று சென்றுகொண்டிருந்தது. வீடாக இல்லாமல் கடையாகப் பயன்பட்ட கீழ்த்தளங்களில் சன்னலுக்கே வேலையில்லை. மேலும் கீழும் உள்ள பள்ளங்களில் ஒவ்வொன்றாகச் செருகி அடைக்கும் நெடும்பலகைகளே முகப்பை மூடின. எண்ணிட்டு வரிசை மாறாமல் அடைக்கும் அந்தப் பலகைகள் தமிழ்நாட்டுப் பழைய மளிகைக் கடைகளிலும் அண்மைக்காலம் வரை இருந்தவைதாம்.

இவற்றுக்கு முன்னே ஓடும் நடைபாதையும் சன்னலோடு தொடர்புடையது. மலேசியத் தமிழர் அஞ்சடி என வழங்கும் இந்த மூடிய நடைபாதை, வெயிலும் மழையும் படாமல் கடைக்குக் கடை நடந்து செல்ல உதவுவது. சிங்கப்பூரில் 1822ஆம் ஆண்டு நகரமைப்பு விதிகளில் பிரிட்டிஷ் அதிகாரி ராபிள்ஸ் இதைக் கட்டாயமாக்கியதிலிருந்து பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் எங்கும் இது பரவியது. மேல்மாடி அஞ்சடியின் மேலே நீண்டு நிற்பதால் கீழ்த்தளச் சன்னலுக்கு நேர் வெயில் படுவதில்லை. மேல்மாடிச் சன்னலோ எந்த நிழலும் இன்றித் தெருவின் விளிம்பிலேயே நிற்கிறது. மேலே சாய்பலகையும் கீழே கம்பியும் என்ற வேறுபாட்டுக்குக் காரணம் இதுவே.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் வெள்ளீயமும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் கொணர்ந்த பணம் முகப்பில் ஏறியது. நீரிணைக் கலப்புப் பாணி எனப்படும் இக்கால வீடுகளில் தரையிலிருந்து எழும் நெடுஞ்சன்னல்கள் இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ அரைத்தூண்களுக்கு இடையில் நின்று, அவற்றின் தலைமேல் அரைவட்டக் கண்ணாடிப் பலகணியைச் சூடிக்கொண்டன. விசிறியை விரித்ததுபோல் கதிர்களாகப் பிரியும் சட்டங்களுக்கு இடையில் நீலமும் பச்சையும் மஞ்சளுமான கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. கண்ணாடி இந்நகரத்துச் சன்னலுக்குள் நுழைந்தது இவ்விதம் தலைப்பகுதி வழியாகத்தான்: கீழே சாய்பலகைகளை மூடிய பிறகும் அறைக்குள் சிறிதளவு ஒளி இறங்க அது உதவியது.

அக்கண்ணாடி வந்த பாதை நெடியது. ஊதிய கண்ணாடிக் குமிழைக் கோலின் முனையில் வேகமாகச் சுழற்றித் தட்டாக விரித்து, ஆறிய பின் அதிலிருந்து சிறு சதுரங்களை வெட்டுவது பழைய ஆங்கில முறை; நீண்ட உருளையாக ஊதி, இரு முனைகளையும் நீக்கி, நெடுக்கில் கீறி, மீண்டும் சூடாக்கித் தகடாக விரிப்பது ஐரோப்பியக் கண்டத்தில் வளர்ந்த மற்றொரு முறை. முதல் முறையில் நடுவில் தடித்த வடு விழுவதால் பெரிய தகடு கிடைக்காது. இரண்டாவதில் கிடைக்கும், ஆயினும் பரப்பில் மெல்லிய அலை நிற்கும். 1851இல் லண்டனில் எழுந்த படிக மாளிகைக்குச் சான்ஸ் சகோதரர் நிறுவனம் ஏறத்தாழ 3 லட்சம் தகடுகளை இந்த உருளை முறையில்தான் செய்து கொடுத்தது. பிரிட்டனில் 1696 முதல் 1851 வரை வீட்டுச் சன்னல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரி இருந்தது. வரிக்கு அஞ்சிப் பலர் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். கண்ணாடிமீதான தனித் தீர்வையும் 1845 வரை நீடித்தது. தீர்வை நீங்கி விலை சரிந்த பிறகே கண்ணாடி குடியேற்ற நாடுகளின் நடுத்தர வீடுகளுக்கும் எட்டியது. ஜார்ஜ்டவுனில் எஞ்சியுள்ள பழைய வண்ணக் கண்ணாடிகளைப் பக்கவாட்டில் நின்று நோக்குபவர், எதிர்வீட்டு ஓடுகள் அவற்றில் நெளிந்து தெரிவதைக் காணலாம். 1959இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த, உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு விரிக்கும் முறை உலகெங்கும் பரவிய பிறகு செய்யப்பட்ட தகடுகளில் அந்த நெளிவு இராது. பழையது எது, மாற்றிவைத்தது எது என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

செல்வர் மாளிகைகளில் இவை அனைத்தும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்தன. லீத் தெருவில் அவுரி நீலச் சுண்ணாம்பு பூசி நிற்கும், சீன வணிகர் சியோங் பாட் சீயின் மாளிகை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவுற்றது. 38 அறைகளும் 5 முற்றங்களும் கொண்ட அவ்வீட்டின் சாய்பலகைச் சன்னல்கள் 220 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. சீன முற்றமும், ஸ்காட்லாந்தில் வார்த்த இரும்புக் கிராதியும், ஐரோப்பிய வண்ணக் கண்ணாடியும் அடுத்தடுத்து இருப்பதை வழிகாட்டிகள் வியந்து காட்டுவர். ஆனால் நண்பகலில் அவ்வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பவை முற்றங்களும் அந்த 220 சன்னல்களும்தான், கண்ணாடியன்று. சிதைந்து பல குடித்தனங்களின் இருப்பிடமாகிவிட்ட மாளிகை 1989இல் மரபுக் காவலர் சிலரின் கைக்கு மாறி, பொறுமையாகச் சீரமைக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதைப் பெற்றது.

மார்க்கெட் தெரு, குவீன் தெரு, பினாங்கு தெரு ஆகியவை சூழ்ந்த தமிழர் வணிகப் பகுதியில், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலின் அருகே நடப்பவருக்குச் சன்னல்களைக் காண்பது சற்றுக் கடினம். புடவைக் கடைகளின் பெயர்ப்பலகைகள் பல மாடி முகப்புகளை மறைத்துவிடுகின்றன. பினாங்கு தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது வட்டித்தொழில் அலுவலகமும் ஏஜெண்டுகளின் தங்குமிடமும் ஒன்றான நீண்ட கூடம். குடும்பத்தை ஊரில் விட்டு மூன்றாண்டுக் கணக்கில் வந்திருந்த ஆண்கள் பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதிய அந்தக் கூடங்கள், சீனர் கட்டிய அதே கடைவீட்டு வடிவத்தையே ஏற்றிருந்தன. இதே செட்டியார்கள் காரைக்குடி வட்டாரத்தில் கட்டிய வீடுகளில் தெருவை நோக்கிய சன்னல்கள் கம்பியிட்டுக் கட்டுக்காவலோடு நிற்க, வெளிச்சமும் காற்றும் வளவின் திறந்த முற்றத்திலிருந்து வந்தன. வறண்ட வெயிலுக்கு அது பொருந்தியது. ஈரப் புழுக்கத்துக்கோ தெரு முகப்பே காற்றுவாயாக இருக்க வேண்டியிருந்தது. ஒரே குடும்பத்தின் பணம் இரண்டு ஊர்களில் இரண்டு விதமான சன்னல்களுக்குச் செலவானது.

ஆச்சே தெரு மசூதியின் எண்கோண மினாராவில் உள்ள வட்டச் சன்னல் ஒன்றுக்குத் தனிக் கதை உண்டு. 1808இல் ஆச்சே வணிகர் சையித் உசேன் நிறுவிய அம்மசூதியின் கோபுரத்தில், 1867 ஆகஸ்டில் எதிரெதிரான சீன இரகசியச் சங்கங்களுக்கு இடையே, அவற்றோடு கூட்டுச்சேர்ந்த மலாய், இந்திய முஸ்லிம் குழுக்களும் கலந்து மூண்ட கலவரத்தின்போது பீரங்கிக் குண்டு பாய்ந்து துளை விழுந்ததாகவும், பின்னர் அத்துளையே சன்னலாகத் திருத்தப்பட்டதாகவும் ஊரார் சொல்வர். கோபுரத்தின் உள்ளே ஏறும் படிகளுக்கு ஒளி தர ஒரு துளை எப்படியும் தேவைப்பட்டிருக்கும் என்பதை நினைத்தால் கதை சற்றுத் தளர்கிறது. ஆயினும் அதைக் கேட்காமல் அந்தத் தெருவைக் கடப்பது அரிது.

நகரம் நெரிசலுற்றபோது சன்னலின் மறுபக்கம் வெளிப்பட்டது. கூலித் தொழிலாளர் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடைவீடுகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிறு அறைகளாகக் கூறுபோடப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. முகப்புச் சன்னல் முதல் அறைக்கு மட்டும் உரியதாகிவிட, உள்ளே இருந்தவற்றுக்குச் சன்னலே இல்லாமற் போயிற்று. சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1907இல் அறிக்கை அளித்த சிம்ப்சன், இத்தகைய இருட்டறைகளைக் காசநோய்க்குக் காரணமாகச் சுட்டி, வீடுகளுக்குப் பின்னால் சந்துகள் திறக்கப்பட வேண்டும் என்றார். நீரிணைக் குடியேற்றங்களின் நகராட்சி விதிகள் புழக்கடைத் திறப்பையும் பின்சந்தையும் வலியுறுத்தத் தொடங்கியதும், கடைவீடு முதன்முறையாகப் பின்புறத்திலும் ஒழுங்கான சன்னலைப் பெற்றது.

1930களில் கற்காரையும் எஃகும் வந்தன. மெல்லிய எஃகுச் சட்டத்தில் தெளிந்த கண்ணாடி பதித்த சன்னல்களை இங்கிலாந்தின் கிரிட்டால் நிறுவனம் 1884 முதல் செய்து வந்தது. அவ்வகைச் சன்னல்கள் நவீனத்தின் அடையாளமாகி, கிடைமட்டக் கற்காரை வெயில்தடுப்புகளின்கீழ் அமர்ந்தன. வெயிலைத் தடுப்பது அதுவரை சன்னலின் வேலை; இப்போது அது சன்னலுக்கு வெளியே துருத்திய தட்டின் வேலையாயிற்று. உள்ளே மின்விசிறி சுழன்றது. போருக்குப் பின் ஆஸ்திரேலியாவிலிருந்து பரவிய, கண்ணாடிப் பட்டைகளை நெம்புகோலால் சாய்த்துத் திறக்கும் அமைப்பு, மலேசியாவில் அதன் வணிகப் பெயரால் நாக்கோ என்றே வழங்கியது. பழைய சாய்பலகையின் தத்துவத்தைக் கண்ணாடியில் வார்த்த இது நேர்மையான வாரிசு என்றாலும், ஒளியைத் தடுக்காத சாய்பலகை தன் பாதி வேலையை மறந்ததே.

பழைய சன்னல்கள் இவ்வளவு எஞ்சியதற்கு எவரும் திட்டமிடாத ஒரு சட்டம் காரணம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உறையவைத்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், உரிமையாளருக்கு வீட்டை இடித்துக் கட்டவும் இயலவில்லை, பழுதுபார்க்கவும் மனம் வரவில்லை. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அக்கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை உயர்ந்து, தலைமுறைகளாக இருந்தவர்கள் வெளியேற, வெறுமையான மாடிகளுக்கு எதிர்பாராத குடியிருப்பாளர் வந்தனர். உமிழ்நீரால் கூடு கட்டும் உழவாரக் குருவியின் கூடு சீனச் சந்தையில் பெருவிலைக்கு விற்பது. இருளும் ஈரமும் நிறைந்த குகையே அதன் இயல்பிடம். ஆகவே கடைவீடுகளின் மாடிச் சன்னல்களைச் செங்கல்லாலும் பலகையாலும் அடைத்து, குருவி நுழைய ஒரு சிறு துளையை மட்டும் விட்டு, நீர்த்துளியைத் தெளித்து, பதிவுசெய்த குருவிக் குரலை ஒலிபெருக்கியில் இசைத்தனர். லண்டனில் வரிக்காக அடைபட்ட சன்னல் பினாங்கில் பறவைக்காக அடைபட்டது. ஈரமும் எச்சமும் சுவரையும் உத்தரத்தையும் அரித்ததோடு, தெருவெங்கும் ஓயாத கீச்சொலி நிறைந்தது. மாநில அரசு 2013ஆம் ஆண்டு முடிவுக்குள் மரபு வட்டாரத்திலிருந்து இவற்றை அகற்றுமாறு பணித்த பிறகே அம்மாடிகள் மீண்டும் திறந்தன.

இன்று விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியுள்ள வீடுகளில் சாய்பலகைகள் பளிச்சென வண்ணம் பூசி நிற்கின்றன. மந்திரி தெருவில் 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் தீட்டிய பெருஞ்சுவரோவியத்தில், நீல உடை அணிந்த சிறுமி ஒருத்தி இரண்டு உண்மையான சன்னல்களின் மேல்விளிம்பில் கையூன்றி எழுகிறாள்; பயணிகள் அவளைப் படமெடுக்கும்போது சன்னலும் படத்தில் விழுகிறது. ஆனால் குளிரூட்டி பொருத்திய அறைகளில் சாய்பலகைக்குப் பின்னால் கண்ணாடித் தகடு ஒன்று இறுக்கமாகப் பதிக்கப்பட்டிருப்பதால், பலகைகள் திறக்கப்படுவதே இல்லை. முற்றத்துக்கும் கண்ணாடிக் கூரை வந்துவிட்ட வீடுகளில் காற்றின் இரு வாய்களும் அடைபட்டிருக்கின்றன. முகப்பைக் காக்கும் விதிகள் தெருவிலிருந்து தெரிவதை மட்டுமே பெரிதும் கவனிப்பதால், இதை அவற்றின் மீறல் என்று சொல்லவும் இயலாது.

சீரமைப்புப் பணியை அறிந்த தச்சர் சன்னல் முழுவதையும் கழற்றி எறிவதில்லை. மழைநீர் தங்கும் அடிக் குறுக்குச் சட்டமும், செங்குத்துச் சட்டங்களின் கீழ்முனையும்தாம் முதலில் இற்றுப்போகின்றன. அப்பகுதியை மட்டும் சாய்வாக அறுத்து நீக்கி, அதே இனத்து மரத்தை ஒட்டிணைத்து, முளையடித்து, உடைந்த பட்டைகளை மட்டும் புதிதாக இழைத்துச் செருகினால் மேற்பகுதியின் பழைய மரம் அப்படியே பயன்படும். பலமுறை பூசித் தடித்த எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டி நீக்கும்போது, அசைவற்றது என்று எண்ணியிருந்த சாய்பலகை, உண்மையில் கோலோடு இயங்கியதென்றும் வண்ணத்தால் இறுகிப்போயிருந்ததென்றும் தெரியவருவதுண்டு. அத்தகைய சன்னலில் ஒட்டிக்கிடந்த முளைகளை விடுவித்து, கம்பி வளையங்களை மட்டும் மாற்றினால் போதும். கோலை இழுத்ததும் பட்டைகள் திறந்துகொள்கின்றன.